கரும்புத் தொட்டிலும் கறுப்பு மாவும்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, குழந்தையைக் கொஞ்சி முடித்த பிறகு கேட்கிற கேள்வி ஒன்றுதான். சிகரெட் பழக்கம் உண்டா? இல்லை என்றால் நம்புவதில்லை. தூரத்து உறவில் ஒருவர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, நிஜத்தைச் சொல்லும்மா என்று விசாரித்துவிட்டுப் போனார். நுரையீரல் கெட்டவன் எதையாவது ஊதியிருக்க வேண்டும் என்பது ஊர் நியாயம். நான் எதையும் ஊதியதில்லை. உள்ளே இழுத்ததோடு சரி, அதுவும் தெரியாமல். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொல்ல மூச்சு பத்தவில்லை. எழுதினால் மூச்சு வாங்குவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும். நான் பாலிடெக்னிக்கில் கெமிக்கல் படித்துவிட்டு, திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளியே இருந்து பார்த்தால் மாவு மில் மாதிரி இருக்கும். நாங்களும் அங்கே வருகிற சரக்கை மாவு என்றுதான் சொல்வோம். அதன் உண்மையான பெயர் கார்பன் நானோ குழாய். பென்சில் முனையில் இருக்கிற அதே கரிதான். ஆனால் குழாய் குழாயாக, ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடலாம் என்கிற அளவுக்கு மெல்லியது. இதைக் கொஞ்சம் பிளாஸ்டிக்கிலோ பேட்டரிக்கான பசையிலோ கலந்தால் அதில் மின்சாரம் நன்றாக ஓடும். பையைப் பிரித்து, கரண்டியால் அள்ளி, எடை போட்டு, மிக்ஸரில் கொட்டுவது எனக்கும் ரவிக்கும் வேலை. ரவி என்னைவிட இளையவன், சிரித்த முகம், டீ இல்லாமல் கூட இருப்பான், சிகரெட் இல்லாமல் இருக்க மாட்டான்.

மாவு பஞ்சைவிட லேசு. கரண்டியை வேகமாக எடுத்தால் கூடவே எழுந்து வரும். கண்ணாடி வைத்த ஒரு பெட்டிக்குள், காற்றை உறிஞ்சும் விசிறிக்கு முன்னால் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆர்டர் ஜாஸ்தியாகி பெரிய பைகள் வந்தபோது அவை பெட்டிக்குள் நுழையவில்லை. வெளியிலேயே பிரித்தோம். அதற்காக முதலாளி நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்தார். ரப்பர் விளிம்பு, இரண்டு பக்கமும் வட்டமான வடிகட்டி. மருந்துக்கடையில் தொங்குகிற துணி மாஸ்க் இல்லை. ஒரு நாளும் அதைப் போடாமல் நான் பையைத் தொட்டதில்லை. உண்மையைச் சொன்னால், போட்டது கூடப் பயத்தால் இல்லை, மூக்கு கறுப்பாகக் கூடாதே என்றுதான். மலைமேல் தீபம் எரிந்த கொப்பரையிலிருந்து எடுத்த மையைப் பிரசாதமாக நெற்றியில் இட்டுக்கொள்கிற ஊர் இது. கரிக்கு இங்கே யார் பயப்படுவார்கள்?

அந்த வருடம்தான் என் மனைவி சத்யா மூன்றாவது முறையாக உண்டானாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது போனபோது அவள் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அதனால் இந்த முறை வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். சத்யா ராஜகோபுரத்தின் முன்னால் நின்று, பிள்ளை நல்லபடி பிறந்தால் கரும்புத் தொட்டில் எடுக்கிறோம் என்று வேண்டிக்கொண்டாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தீபத் திருவிழாவில், பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, குழந்தையை அதில் போட்டு நான்கு மாட வீதியும் சுற்றுவார்கள். முன்பக்கம் அப்பன் தோளில், பின்பக்கம் அம்மா தோளில். அண்ணாமலையாரே, உன் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று காட்டிவிட்டு வருவது.

அம்மா தன் பங்குக்கு எனக்குச் சட்டம் போட்டாள். கர்ப்பிணியின் புருஷன் சாவு தூக்கக் கூடாது, பாம்பை அடிக்கக் கூடாது, முகத்தில் கத்தி படக் கூடாது. பாதி வீடுகளில் ஐந்தாம் மாதத்திலிருந்துதான் பார்ப்பார்கள். இரண்டு போன வீடு என்பதால் எனக்கு முதல் மாதத்திலிருந்தே. தாடி மார்பைத் தொடப் பார்த்தது. சத்யா என்னைச் சாமியாரே என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தேன். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வந்து என்னைக் கும்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதிரில் நின்றுவிட்டார். கையில் பஜ்ஜியோடு என்ன ஆசீர்வாதம் செய்வது? சத்யாவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதே, குழந்தை குலுங்கும் என்று அம்மா கத்தினாள்.

ஆயுத பூஜை கழிந்து இருமல் வந்தது. வறட்டு இருமல், சளி இல்லை. மழைக்காலம் என்று நினைத்தேன். ஐப்பசிப் பௌர்ணமிக்கு வழக்கம்போல கிரிவலம் போனேன். சின்ன வயதிலிருந்து சுற்றுகிற மலை, வழியில் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு அடி அண்ணாமலை வந்ததும் கால் நின்றுவிட்டது. கால் வலிக்கவில்லை. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் எங்கோ பாதியில் கதவு சாத்தியிருக்கிறது. ஒரு கடை வாசலில் உட்கார்ந்தேன். வயதானவர்கள், குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், வெறுங்காலோடு போகிறவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் ஷேர் ஆட்டோ ஏறி வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு பயம் போதும் என்று இருந்தது.

தை கடைசியில் அபிதா பிறந்தாள். குறையில்லாமல், நல்ல எடையோடு, ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்திக்கொண்டு. அன்றைக்கே போய் முகத்தை மழித்தேன். தாடி போனது, இருமல் போகவில்லை.

ஊரில் பார்த்த டாக்டர் முதலில் அலர்ஜி என்றார். பிறகு எக்ஸ்ரே எடுத்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக இருந்தது. நம் ஊரில் நுரையீரலில் புள்ளி என்றால் முதலில் வருகிற பெயர் டிபிதான். சளியைச் சோதித்ததில் கிருமி இல்லை. சளியில் தெரியாத டிபியும் உண்டு என்று மாத்திரை ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்துப் பேர் இப்படி வந்தால் ஒன்பது பேருக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும். வேலை என்ன என்று கேட்டார். கம்பெனி என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், வயிறு புரட்டும். அதெல்லாம் பரவாயில்லை. குழந்தையை விட்டுத் தள்ளி இருக்கச் சொன்னார்களே, அதுதான் கொன்றது. சத்யா பிரசவத்துக்குப் போன தாய் வீட்டிலேயே இருந்தாள். நான் வாரம் ஒரு தடவை போய், மாஸ்க் போட்டுக்கொண்டு வாசல்படியில் நிற்பேன். சத்யா அவளைத் தூக்கிக் காட்டுவாள். கிட்டே போகக் கூடாது, தொடக் கூடாது. எதற்காக ஒன்பது மாதம் காத்திருந்தோமோ அது நான்கடி தூரத்தில் கொட்டாவி விட்டது. இந்தத் தடை தேவையே இல்லாதது என்று பின்னால் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? அந்த நாட்களை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

ஆனி வரை மாத்திரை சாப்பிட்டும் இருமல் குறையவில்லை, எடை மட்டும் குறைந்தது. இது வேறு என்னவோ, இனிமேல் என் கையில் இல்லை என்று டாக்டரே சொல்லி, சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த நேர்மைக்கு நன்றி.

சென்னை மருத்துவமனையில் காத்திருக்கும் கூடம் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், பஸ் ஸ்டாண்டில் எந்த ஊருக்குப் போகிறோம் என்பது தெரியும். குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு சத்யா என்னோடு வந்தாள். பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. கழிவறைக்குப் போய்ப் போய் வந்தபோதுதான் புரிந்துகொண்டேன். இன்னொன்றும் கவனித்தேன். நான் நடக்கும்போது மூச்சு முட்டி நிற்கப் போகிறேன் என்பது எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். அவளுக்காக நான் நிற்பது போல ஆகிவிடும். அந்தச் செருப்பில் ஒரு கோளாறும் இல்லை.

சோதனைகளைச் சொல்கிறேன், போகிறவர்களுக்குப் பயன்படும். ஊதும் சோதனையில் மூக்கை கிளிப் போட்டு மூடி, ஒரு குழாயில் முழு மூச்சையும் ஊதச் சொல்வார்கள். ஊது ஊது ஊது என்று அந்தப் பெண் கபடிக் கோச் மாதிரி கத்துவார். நுரையீரல் எவ்வளவு விரிகிறது என்று அதில் தெரியும். என்னுடையது விறைத்துப்போன பலூன். சிடி ஸ்கேன் வலிக்காது, மூச்சை இழுத்துப் பிடி என்னும்போதுதான் கஷ்டம். ஆறு நிமிட நடை என்று ஒன்று உண்டு. நீளமான வராந்தாவில் விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டி, முடிந்தவரை நடக்கச் சொல்வார்கள். மலையைச் சுற்றியவன், இது என்ன பெரிய வராந்தா என்று வேகமாகக் கிளம்பினேன். பாதியில் சுவரைப் பிடித்தேன். பக்கத்தில் வந்த பையன் மீட்டரைப் பார்த்துவிட்டு, உக்காருங்க சார் போதும் என்றான். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அழுதால் இன்னும் மூச்சு வாங்கும் என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

கடைசியாக மூக்கு வழியே மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் விட்டு, துளி சதை எடுத்தார்கள். பயாப்ஸி. தொண்டையை மரக்கச் செய்துவிட்டுத்தான் செய்கிறார்கள். ஆனாலும் முழித்துக்கொண்டே தண்ணீரில் மூழ்குவது போல இருக்கும், பயந்துவிடாதீர்கள், முடிந்துவிடும். முடிவு வரும் வரை வார்டில் படுத்திருந்தேன். அம்மா போனில் அபிதாவின் சத்தத்தைப் பதிந்து அனுப்புவாள். பெரும்பாலும் அழுகை. அதைக் காதில் வைத்துக்கொண்டு தூங்குவேன்.

முடிவைச் சொன்ன டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் இருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதிலேயே சத்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கேன்சர் இல்லை, டிபியும் இல்லை என்றார். உடம்பால் கரைக்கவும் வெளியே தள்ளவும் முடியாத எதுவோ உள்ளே போயிருக்கிறது. உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டியிருக்கிறது. அந்தச் சின்னச் சின்ன முடிச்சுகளுக்கு கிரானுலோமா என்று பெயர். முடிச்சுகளுக்கு நடுவே கறுப்பாகத் துகள் தெரிகிறது. சுற்றியிருக்கிற சதை தழும்பாகிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஃபைப்ரோசிஸ். பட்ட தீப்புண் ஆறினாலும் தழும்பு போகாதில்லையா, அது மாதிரி.

"வேல இன்னா செய்யறீங்க?" என்று கேட்டார். இந்த முறை கம்பெனி என்று சொல்லி முடிக்க அவர் விடவில்லை. முழுக்கச் சொன்னேன். உங்களோடு வேலை செய்கிற மற்றவர் எப்படி என்றார். ரவிக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாகிவிட்டது, அவனுக்கு ஒன்றுமில்லை என்றேன். அதே ஷெட், அதே பை, அதே மாஸ்க். போதாததற்கு அவன் சிகரெட் வேறு. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். வேலை செய்கிற இடத்தின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். சத்யா தன் போனில் ஆயுத பூஜைப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். மிக்ஸருக்கு மாலை போட்டு, பக்கத்தில் நானும் ரவியும் விளையாட்டுக்கு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அவர் இரண்டு விரலால் என் முகத்தைப் பெரிதாக்கினார்.

"இந்தத் தாடி எவ்ளோ நாள் இருந்துது?"

சத்யாதான் பதில் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே. "நான் உண்டானதுலேர்ந்து கொழந்த பொறக்கற வரைக்கும் டாக்டர். கத்தியே படல."

அவர் போனை மெதுவாக மேசையில் வைத்தார். அந்த மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி உட்கார வேண்டும், நடுவில் முடி இருந்தால் உட்காராது என்றார். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூச்சை இழுக்கும்போது காற்று வடிகட்டி வழியே வராது, சுலபமான வழி கிடைக்கும்போது அது ஏன் சுற்றிக்கொண்டு வரப்போகிறது, முடி வழியாகவே வந்துவிடும். காற்று வருகிற இடத்தில் இந்த மாவும் வரும். எனக்கு நினைவு வந்தது. தாடி வளர வளர மாஸ்க் வழுக்கியது. ஒவ்வொரு மாதமும் வாரை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினேன். ஜாக்கிரதையாக இருப்பதாக எனக்கு நினைப்பு.

"அப்ப அதனாலதான்னு சொல்றீங்களா?" என்றாள் சத்யா. குரல் மாறிவிட்டிருந்தது.

"சொல்ல முடியாதும்மா. அதனாலயும் இருக்கலாம். இந்தப் பொடிய எலிங்களுக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க, இதே மாதிரிதான் ஆச்சு. மனுஷங்க கிட்ட யாரும் ரொம்ப நாள் பாத்ததில்ல. இதுதான் காரணம்னு என்னால எழுதித் தர முடியாது."

சத்யா எழுந்து வெளியே போனாள். நான் போய்ப் பார்த்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், தப்பு என்று ஒன்று இருப்பதாக ஆகிவிடுமே. குழந்தை இருக்கிறாள், குறையில்லாமல் இருக்கிறாள். தாடியால்தான் தங்கினாள் என்று நான் நம்பவில்லை. ஆனால் இரண்டைப் பறிகொடுத்தவளிடம் போய் அதை எப்படிச் சொல்வேன்? மூச்சு வாங்குகிறது என்று சாக்கு வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாடி என்ற சொல் இல்லை. காலையில் நான் கண்ணாடி முன்னால் முகம் மழிக்க நின்றால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். பேசும்போதும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, தோளைப் பார்ப்பாள்.

முதலாளி ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்கேனுக்கும் மற்றதுக்கும் அவரே கட்டிவிட்டிருந்தார். கேட்காமல் கட்டியவரிடம் எப்படிக் கோபப்படுவது? பெரிய கண்ணாடிப் பெட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். கம்பெனி பேர் வெளியே வராமல் பார்த்துக்கொள் என்றும் சொன்னார், அதைச் சொல்லும்போது அவர் குரல் கெஞ்சியது. அப்போது ஷெட்டில் என் தாடியைப் பார்த்து, நல்லதுப்பா, என் பொண்ணு வயித்துல இருக்கும்போது நானும் வெச்சிருந்தேன் என்று முதுகைத் தட்டியவர் அவர். இந்த ஊரில் கர்ப்பிணியின் புருஷனிடம் போய் தாடியை எடு என்று யார் வாயைத் திறப்பார்கள்? திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் பாதி நோய் தீர்ந்திருக்கும் போலிருந்தது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ரவியும் வந்தான். வைகாசியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, மழமழவென்று மாப்பிள்ளை முகம். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் அவனிடம் சொன்னேன். எனக்குத்தான் தாடியே இல்லையேண்ணா என்று கன்னத்தைத் தடவிச் சிரித்தான்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். தழும்பு போகாது, புதிதாக வராமல் அது தடுத்து நிறுத்தினால் உண்டு. முகம் பூரி மாதிரி உப்பியது, பசி பிசாசாக வந்தது, இருமல் கொஞ்சம் அடங்கியது. குழந்தையைத் தொடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓடிப்போய் வாங்கினேன். மாஸ்க் இல்லாத என் முகத்தைப் பார்த்ததும் அபிதா வீரிட்டு அழுதாள். அவளுக்குத் தெரிந்த அப்பனுக்கு மூக்கும் வாயும் கிடையாது. மாஸ்க்கை எடுத்து மாட்டினேன், அழுகை நின்றது. சத்யா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஐப்பசியில் மறுபடி வராந்தாவில் நடக்க வைத்தார்கள். முன்பைவிடப் பரவாயில்லை. இதற்கு மேல் ஏறாது, இறங்காமல் பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டரம்மா. நான் கேட்டது ஒன்றுதான். தீபத்துக்குத் தொட்டில் தூக்கலாமா? கூட்டம், புகை, கிருமி, உங்கள் மாத்திரைக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, வேண்டாம் என்றார். அப்பன் இடத்தில் உறவில் யாராவது தூக்கினால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று அம்மாவும் சொன்னாள். சாமி கோபித்துக்கொள்ளாது, எனக்குத் தெரியும். ஆனால் என் மகளுக்காக என்னால் செய்ய முடிந்தது என்று இதுவரை ஒன்றுமே இல்லை. காத்திருந்தேன், தள்ளி நின்றேன், படுத்திருந்தேன். இதையாவது தூக்க வேண்டும். தினமும் விடியற்காலையில் தெருவில் நடந்து பழகினேன்.

தேர் அன்று காலை தேரடி வீதியில் தொட்டிலைக் கட்டினோம். மூன்று கரும்பு, சத்யாவின் சிவப்புப் புடவை. கூட்டத்துக்காக நான் மாஸ்க் போட்டிருந்தேன். அபிதா தொட்டிலுக்குள் இருந்து என்னைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தாள். முன்பக்கம் நான், பின்பக்கம் சத்யா. அம்மா பக்கத்தில் விசிறியோடு வந்தாள். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் தொட்டில்கள். எல்லா அப்பன்களும் அரோகரா என்று கத்தினார்கள். நான் கத்தவில்லை, மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். தேரடி வீதி முடிந்து திருவூடல் தெரு திரும்பினோம். பாதித் தெரு வரை நடந்தேன். பிறகு அந்தப் பழைய கதவு சாத்திக்கொண்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நகர்ந்தேன். பின்னால் கரும்பு நின்றது. திரும்பிப் பார்த்தால், சத்யா ஒரு கையால் கரும்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். காலில் செருப்பே இல்லை. பாதத்தில் முள் பார்ப்பது போல நின்றாள்.

அப்போது ஓர் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளிலிருந்து கரும்பைத் தாங்கினான். எனக்குத் தெரியாமல் அம்மா போன் போட்டு அவனைத் தெருமுனையில் நிற்கச் சொல்லியிருக்கிறாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. ரவி. கன்னமெல்லாம் அடர்த்தியாகத் தாடி.

"இன்னாடா இது?"

வெட்கத்தோடு தலையைக் குனிந்தான். "அஞ்சாவது மாசம்ணா. உன் கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"மாவு யார் போடறது?"

"நான்தான். பெரிய பொட்டி இன்னும் வரல."

"உனக்குச் சொன்னேன் இல்ல."

"அம்மா ஒத்துக்காதுண்ணா. மாஸ்க்க நல்லா இழுத்துக் கட்டிக்கிறேன்."

நானும் அப்படித்தான் கட்டினேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் வந்தது. நிற்காமல் வந்தது. கடைப் படியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த தொட்டில்காரர்கள் நகருங்க நகருங்க என்றார்கள். அந்தச் சத்தத்துக்குள் சத்யாவின் குரல் கேட்டது.

"ரவி. இன்னிக்கே போயி தாடிய எடுத்துடு."

"அண்ணி, அதெப்படி..."

"உங்கம்மா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. எதனா ஆச்சுன்னா அந்தப் பழி எம்மேல இருக்கட்டும். ஒண்ணும் ஆவாது."

வேண்டுதலைத் தோளில் சுமந்துகொண்டு, சாமி வீதியில், வயிற்றுப் பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு சொல்லை இந்த ஊரில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். அம்மா விசிறுவதை நிறுத்திவிட்டாள். பக்கத்துத் தொட்டில்காரி திரும்பி முறைத்தாள். இரண்டைப் பறிகொடுத்தவள் இதைச் சொல்வதற்கு என்னவெல்லாம் தாண்டி வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. கால் வரவில்லை.

ரவி கரும்பைத் தோளில் நன்றாகப் பொருத்திக்கொண்டு நடந்தான். தொட்டில் என்னைத் தாண்டும்போது சத்யா என் முகத்தைப் பார்த்தாள். தோளை இல்லை, முகத்தை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"உக்காந்திருங்க. சுத்திட்டு வந்துடறோம்" என்றாள்.

அவர்கள் பே கோபுரத் தெருப் பக்கம் திரும்பும் வரை சிவப்புப் புடவை தெரிந்தது. ரவி தாடியை எடுத்தானா என்று இன்றைக்கு வரை நான் கேட்கவில்லை. போன் போட்டால் எடுக்கிறான், நன்றாகப் பேசுகிறான். பேச்சை முடிக்கும் முன் அவன் இருமுகிறானா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன்.